யூ-லுவானுக்கு வாங்கிய வண்டி

டோங்காங் துறைமுகத்துக்குப் பின்னால் உள்ள சந்தில் நானும் என் வீட்டுக்காரர் அ-சுங்கும் ஸ்கூட்டர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறோம். அவர் வண்டியின் வயிற்றைப் பார்ப்பார், நான் வாடிக்கையாளரின் வாயைப் பார்ப்பேன். எங்கள் கடைக்கு எதிர்வீட்டுக்காரர் துங்-யுவான். பனிக்கட்டி ஆலையில் வேலை. கடலுக்குப் போகும் படகுகளின் அடிவயிற்றில் நொறுக்கிய பனியைக் குழாய் வழியாகக் கொட்டுகிற ஆள். அந்த நொறுக்கும் இயந்திரத்தின் பக்கத்திலேயே இளமை முழுக்க நின்றதால் அவருக்குக் காது மந்தம். குள்ளமான மனிதர். தோள் மட்டும் அகலம். கேட்டதற்கெல்லாம் "ம்" என்று ஒரே பதில் சொல்வார். கேட்டுத்தான் சொன்னாரா, கேட்காமலே சொன்னாரா என்பது நமக்குத் தெரியாது.

அப்படிப்பட்டவர் ஒருநாள் நானூறு சிசி ஸ்கூட்டர் ஒன்றைச் சந்துக்குள் ஓட்டிக்கொண்டு வந்தார். உயரமான கண்ணாடி, சோபா மாதிரி இருக்கை, பின்னால் முதுகுக்கு மெத்தை வைத்த சாய்மானம், பெரிய வண்டிகளுக்கு மட்டும் கொடுக்கிற மஞ்சள் நம்பர் பலகை. எங்கள் தீவைச் சுற்றிவரப் போகிற வசதிக்காரப் பையன்கள் ஓட்டுகிற வண்டி. எங்கள் சந்தில் எல்லோர் வீட்டு வாசலிலும் நூறு, நூற்றிருபத்தைந்து சிசி வண்டிகள்தான் நிற்கும். அவற்றின் நடுவே அது கோழிக்கூட்டத்தில் வந்து நின்ற எருமை போல இருந்தது.

மீன் தரகர் ஹுவாங் வாசலில் பல்குச்சியோடு நின்றுகொண்டிருந்தார். "என்னப்பா துங்-யுவான், இந்த வயசுல சின்னப் பொண்ணு யாரையாவது பாத்துட்டியா?" என்று கத்தினார்.

"ம்," என்றார் துங்-யுவான்.

சந்தே சிரித்தது. வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி யூ-லுவானின் குரல் வந்தது. "பாக்கட்டும், பாக்கட்டும். அந்தப் பொண்ணு வந்து இந்தாளு துணியைத் துவைச்சா நான் அவளுக்குத் தினமும் கோயில்ல ஊதுவத்தி கொளுத்துவேன்!"

ஆனால் வண்டி எந்தச் சின்னப் பெண்ணுக்கும் வாங்கியதல்ல. யூ-லுவானுக்கு வாங்கியது.

யூ-லுவான் சிவப்புப் பொடி இறால் காயவைக்கும் களத்தில் வேலை பார்த்தவள். சர்க்கரை நோய் முதலில் கால்விரலைத் தொட்டது, பிறகு சிறுநீரகத்தைப் பிடித்தது. வாரத்தில் மூன்று நாள் சாவ்ஜோ ஊருக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். அங்கிருந்து வேன் அனுப்புவார்கள். ஆனால் அவளுக்குப் பிறந்ததிலிருந்தே கார் ஒத்துக்கொள்ளாது. கதவைச் சாத்தினாலே வாந்தி வரும். கல்யாணத்தன்றைக்கே மணப்பெண் காரை இரண்டு இடத்தில் நிறுத்தி இறங்கினவள். அதனால் துங்-யுவான்தான் தன் பழைய சின்ன ஸ்கூட்டரில் அவளைக் கூட்டிப்போய்க் கூட்டிவருவார்.

போகும்போது பிரச்சினை இல்லை. திரும்பும்போதுதான். நாலு மணி நேரம் ரத்தத்தை வெளியே எடுத்து உள்ளே விட்ட உடம்பு துவண்டுபோயிருக்கும். ஒருதரம் வழியில் அவள் தலைசுற்றிச் சரியப் பார்த்தாள். அதற்குப் பிறகு, குழந்தையை முதுகில் கட்டும் பழைய துணியை எடுத்து, அவள் இடுப்பையும் தன் இடுப்பையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு ஓட்டினார். அவர்கள் மகள் யி-ஜென்னைச் சுமந்த துணி அது. ரோஜாப்பூ போட்டது. சிக்னலில் நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் இவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

"எனக்கு மானம் போகுது பாவ்-க்வெய்," என்பாள் யூ-லுவான் என்னிடம். "கோயிலுக்குக் கொண்டுபோற பன்னி மாதிரி என்னைக் கட்டிக் கொண்டுபோறாரு."

துங்-யுவான் ஒருநாள் எங்கள் கடைக்கு வந்து, பின்னால் உட்காருகிறவர்கள் சாய்ந்து தூங்கினாலும் விழாத வண்டி எது என்று அ-சுங்கைக் கேட்டார். அப்படி ஆரம்பித்ததுதான்.

பெரிய வண்டிக்குத் தனி உரிமம் வேண்டும். ஓட்டுநர் பள்ளியில் மகன் வயதுப் பையன்களோடு வரிசையில் நின்றார். குறுகலான பலகைமேல் மெதுவாக ஓட்டிக் காட்டும் தேர்வில் முதல் தடவை தோற்றார். பயிற்றுநர் கத்திச் சொன்னது எதுவும் அவர் காதில் விழவில்லை. இரண்டாம் தடவை, அந்த ஆள் எவ்வளவு கத்தினாலும் காதில் விழாததாலேயே பதற்றமில்லாமல் ஓட்டித் தேறிவிட்டார் என்று யூ-லுவான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

வண்டி வந்த முதல் வாரங்கள் எங்களுக்கெல்லாம் வேடிக்கைதான். சந்தில் அதைத் திருப்ப முடியாது. பின்னுக்குத் தள்ளித் தள்ளித்தான் வெளியே எடுக்கவேண்டும். ஹுவாங் தன் கார் நிறுத்தும் இடத்தில் அது நிற்கிறது என்று சண்டைக்கு வந்தார். "இது கார் நிறுத்துற இடம். ஸ்கூட்டரைக் கொண்டுவந்து படுக்கவெச்சிருக்கியே!" மஞ்சள் பலகை வண்டி கார் இடத்தில்தான் நிற்கவேண்டும் என்று துங்-யுவான் கையை ஆட்டிக்காட்டினார். இருவரும் அரைமணி நேரம் கத்தினார்கள். ஒருவர் கேட்காமலும் ஒருவர் கேட்கப் பிடிக்காமலும். கடைசியில் ஹுவாங்கின் மனைவி வந்து, "காலைல நீ மார்க்கெட்டுக்குப் போயிடுற. அப்ப அவரு நிறுத்தட்டும். மத்தியானம் நீ வந்ததும் அவரு எடுக்கட்டும்," என்று தீர்ப்புச் சொன்னாள்.

துங்-யுவானுக்கு உண்மையான கஷ்டம் வேறு. இருக்கை அகலம், கால் குட்டை. வண்டியில் உட்கார்ந்தால் இரண்டு காலும் தரையைத் தொடாது. இடுப்பை ஒருபக்கம் நகர்த்தி ஒரு காலின் முன்பாதத்தை மட்டும் ஊன்றி நிற்பார். அ-சுங் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அண்ணே, முன்னாடி மெத்தையைக் கொஞ்சம் சீவி விடட்டுமா? கால் நல்லா ஊனும்."

"முன்னாடி இறக்கினா பின்னாடி இருக்கிறவ சறுக்கி வருவா."

"கொஞ்சம்தான் சறுக்குவாங்க."

"வேணாம். அவ நல்லா உக்காரணும்."

"சரி, அப்ப ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க." அ-சுங் அவர் காதருகே போய் உரக்கச் சொன்னார். "ஓடுறப்போ இது பூனை. நின்னுட்டா எருமை. எப்பவாவது சாயுதுன்னு தெரிஞ்சா விட்டுடுங்க. பிடிக்காதீங்க. உடையறது பிளாஸ்டிக்குதான், மாத்திக்கலாம். ஆளைப் பாருங்க."

"ம்," என்றார்.

யூ-லுவானுக்கு முதலில் வண்டியே பிடிக்கவில்லை. பல்லக்கில் ஏற்றிவைத்த சாமி மாதிரி இருக்கிறது, ஊரே பார்க்கிறது என்றாள். ஆனால் சாவ்ஜோவிலிருந்து முதல் தடவை திரும்பி வந்த மத்தியானம், எங்கள் கடை வாசலில் வண்டி நின்றபோது அவள் சாய்மானத்தில் சாய்ந்து வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் முன்னால் இருக்கிறவரின் சட்டைப்பைக்குள். துங்-யுவான் இறங்காமல், எஞ்சினை அணைத்துவிட்டு, ஒற்றைக்காலை ஊன்றியபடியே நின்றார். என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். அ-சுங் ஒரு வண்டிக்குச் சக்கரம் மாற்றி, நான் பணம் வாங்கி முடிக்கும்வரை அப்படியே நின்றார். ஊன்றிய கால் நடுங்கியது.

பிறகு அவளுக்கு வண்டி பழகிவிட்டது. பழகியதோடு நிற்கவில்லை. உடம்பு கொஞ்சம் நன்றாக இருக்கிற நாளில், நேராக வீட்டுக்கு வராமல் சுற்றிக்கொண்டு வரச் சொன்னாள். காயல் ஓரமாக, சிப்பி வளர்க்கும் கூடுகள் தெரிகிற சாலையில். வெள்ளிக்கிழமை சந்தைக்கு. பிறகு தெற்கே கடற்கரை நெடுஞ்சாலையில். நோய் வந்த பிறகு அவள் அறிந்த உலகம் வீடும் சாவ்ஜோ கட்டிலும்தான். இப்போது வந்து என்னிடம் கதை கதையாகச் சொல்வாள். எந்த ஊரில் எந்தக் கடையில் வாத்துக்கறிச் சோறு நன்றாக இருக்கிறது, எந்தப் பாலத்தில் காற்று ஆளைத் தள்ளுகிறது என்று.

"வழி முழுக்க என்ன செய்வீங்க அக்கா? அவருக்கோ காது கேக்காது," என்று ஒருதரம் கேட்டேன்.

"பேசிக்கிட்டே வருவேன்."

"யார்கிட்ட?"

"அவருகிட்டதான். காத்து வேற அடிக்குது, ஹெல்மெட் வேற. ஒரு எழுத்துகூட அவருக்குக் கேக்காது. அதனாலதான் நல்லா பேசமுடியுது." சிரித்தாள். "முப்பது வருஷமா சொல்லாததெல்லாம் சொல்லிட்டேன். அவரு அம்மா என்னைப் பேசினது, லியூச்சியூ தீவுப் படகுல டிக்கெட் கிழிச்ச பையன் என்னைக் கட்டிக்கிறேன்னு சொன்னது, எல்லாம். எல்லாத்துக்கும் 'ம்'ங்கிறாரு. எவ்வளவு நல்ல மனுஷன்!"

மாம்பழக் காலத்தில் அது நடந்தது. ஃபாங்ஷான் பக்கம் கடலோரச் சாலையில் குடைபோட்டு மாம்பழம் விற்பார்கள். யூ-லுவான் பழம் அதிகம் சாப்பிடக்கூடாது. ஒரு கீற்றை நாக்கில் வைத்துச் சுவைத்துவிட்டு மீதியை அவரிடம் கொடுத்துவிடுவாள். அன்றைக்கு ஒரு குடையைக் கண்டதும் அவர் முதுகில் தட்டினாள். துங்-யுவான் சாலையோரச் சரளையில் ஒதுக்கினார். வலப்பக்கம் கடலைப் பார்த்துச் சரிவு. வண்டி நின்றது. வலது காலை ஊன்றினார். தரை எட்டவில்லை.

எருமை சாய்ந்தது.

அ-சுங் சொன்னது அவருக்கு நினைவில்லாமல் இல்லை. ஆனால் கைக்கு நினைவு வேறு. காலமெல்லாம் பனிப்பாளத்தைப் பிடித்து நிறுத்திய கை. இரண்டு கையாலும் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, இடுப்பைக் கொடுத்து, பற்களைக் கடித்து, அவ்வளவு பெரிய பாரத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார். மாம்பழக்காரி ஓடிவந்து மறுபக்கம் இழுத்துப் பிடித்தாள். வண்டியை நிமிர்த்தி நிறுத்தினார்கள். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்பிப் பார்த்தால் யூ-லுவான் சரளையில் கிடந்தாள். சாய்ந்த பக்கமாக வழுக்கி, கையை முன்னால் நீட்டி விழுந்திருந்தாள்.

எழுந்து உட்கார்ந்து, கோணிப்போன ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு, வண்டியை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"யோவ், உன் ரெண்டாந்தாரத்துக்கு ஒரு கீறல்கூட இல்லையே!"

மாம்பழக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். துங்-யுவானுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகுதான் அவள் கையைப் பார்த்தார். சாவ்ஜோவில் ஊசி குத்துகிற கை அது. அறுவை செய்து நரம்பைப் பெரிதாக்கி வைத்திருந்த முழங்கை வீங்கிக்கொண்டு வந்தது.

நரம்பு அடைத்துப்போனது. கழுத்தில் குழாய் போட்டு அதன் வழியாகச் சில வாரம் ரத்தம் சுத்தம் செய்தார்கள். இன்னொரு கையில் புதிதாக அறுவை செய்து, அது தேறும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காய்ச்சல் வந்தது, போனது. தைச்சுங்கில் கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் மகள் யி-ஜென் விடுப்புப் போட்டு ஓடிவந்தாள். விழுந்த கதையை அம்மாவே தொலைபேசியில் அவளுக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருந்தாள். யி-ஜென் சிரிக்கவில்லை.

வந்த அன்று சாயங்காலம் எதிர்வீட்டில் அவள் குரல் எங்கள் கடைவரை கேட்டது. அப்பாவுக்காக உரக்கப் பேசியே பழகிய குரல்.

"அம்மாவைப் பிடிக்காம வண்டியைப் பிடிச்சீங்களாமே?"

அவள் குரல் இன்னும் ஏறியது.

"கேக்குதாப்பா? வண்டியைப் பிடிச்சீங்களான்னு கேட்டேன்!"

"பிடிச்சேன்."

"எதுக்கு?"

"தெரியல."

"இந்த வயசுல, எட்டாத காலை வெச்சுக்கிட்டு இவ்வளவு பெரிய வண்டி எதுக்கு? வேன் வருதுல்ல? வாந்தி எடுத்தா எடுக்கட்டுமே, வாந்தியில யாரும் சாகறதில்ல! அதை என் கண்ணுல படாம எங்கயாவது தள்ளுங்க. பாக்கவே பிடிக்கல!"

"ஏய், நான் சிரிக்கிறதுக்குச் சொன்னேன், நீ கேஸ் போடுறியா?" என்று யூ-லுவான் நடுவில் வந்தாள். ஆனால் அவள் குரலில் வலு இல்லை.

துங்-யுவான் வண்டியைத் துணிபோட்டு மூடி எங்கள் கடையின் பின்கட்டில் நிறுத்திவிட்டார். யூ-லுவான் வேனில் போனாள். போகும்போதும் வாந்தி, வரும்போதும் வாந்தி. துங்-யுவான் சின்ன ஸ்கூட்டரில் வேனுக்குப் பின்னாலேயே சாவ்ஜோ வரை போவார். அங்கே அவளை வேனிலிருந்து இறக்கிவிடத்தான் அந்தப் பயணம்.

அந்த நாட்களில் ஒருதரம் அவள் எங்கள் கடை முக்காலியில் வந்து உட்கார்ந்தாள். கழுத்தில் ஒட்டுப்போட்டிருந்தது.

"அவரு வேணும்னு பிடிக்கல பாவ்-க்வெய். கை தானா போச்சு. எனக்குத் தெரியும்."

"அவரு நொந்துபோய்த் திரியுறாரு அக்கா."

"அதுவும் தெரியும்." கழுத்து ஒட்டை விரலால் தடவிக்கொண்டாள். "எல்லாம் தெரிஞ்சும் நான் கொஞ்சம் அழுதேன். உன்கிட்ட சொல்லிட்டேன், போதும்."

தெற்குக்காற்று நின்று வானம் தெளிந்த ஒரு காலையில் அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். பின்னாலேயே துங்-யுவான், கையில் ஹெல்மெட்டே இல்லாமல்.

"அ-சுங், அந்தத் துணியை எடு. வேன்காரன் என்னைக் கண்டதும் பிளாஸ்டிக் பையை நீட்டுறான். என் முகத்தைப் பாத்தா அவனுக்குக் குமட்டல் வருதாம். இனிமே போகமாட்டேன்."

"வேணாம்," என்றார் துங்-யுவான்.

"என்ன வேணாம்?"

"நான் ஓட்டமாட்டேன்."

"சரி, நகரு. நான் ஓட்டுறேன்." சொல்லிக்கொண்டே வண்டியின் முன்னிருக்கையில் கையை ஊன்றினாள். அவர் பயந்துபோய் ஓடிவந்து கைப்பிடியைப் பிடித்தார்.

அதற்குப் பிறகு அவர் ஓட்டியது வேறு மாதிரி. எங்கே நிறுத்துவது என்று முன்னாலேயே யோசித்து வைத்துக்கொள்வார். சமதளம் இல்லாத இடத்தில் நிறுத்தமாட்டார். சிவப்பு சிக்னலை எட்டுவதற்கு வெகு முன்பே வேகத்தைக் குறைத்து ஊர்ந்து, நிற்காமலே பச்சைக்குக் காத்திருப்பார். முதலில் அவள் இறங்கவேண்டும், பிறகுதான் இவர். பெட்ரோல் போடக்கூட அப்படித்தான். பின்னால் வருகிறவர்கள் திட்டினால் யூ-லுவான் திரும்பி அவர்களைத் திட்டுவாள். அந்த இலையுதிர்காலமும் குளிர்காலத் தொடக்கமும் அவர்கள் மறுபடி ஊர்சுற்றினார்கள். தூரம்தான் குறைந்துபோனது. அவளால் வெகுநேரம் உட்காரமுடியவில்லை.

ஜனவரியில் வடக்கிலிருந்து பெரிய குளிர் வந்தது. எங்கள் பக்கத்தில் அப்படிக் குளிர்ந்தால் வளர்ப்பு மீன்கள் செத்து மிதக்கும். அந்த வாரம் சாவ்ஜோவில், ரத்தம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே யூ-லுவானின் இதயம் தடுமாறி நின்றது. மறுபடி ஓடவைத்தார்கள், ஆனால் அவள் கண்திறக்கவில்லை. இதயம்தான், வெகுநாளாகவே பலவீனம், இப்படி வந்திருக்கக்கூடியதுதான் என்றார் டாக்டர். கையில் விழுந்த அடிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று துங்-யுவான் கேட்டார். இல்லை என்றார். அவருக்குக் காதில் விழவில்லையோ என்று டாக்டர் ஒரு தாளில் பெரிதாக 'இல்லை' என்று எழுதிக் காட்டினாராம்.

மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவது எங்கள் வழக்கம். மூச்சுக்கு வைத்த குழாயோடு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். பக்கத்தில் உட்காருகிறவர் வழியெல்லாம் பேசிக்கொண்டே வரவேண்டும், பாலம் வருகிறது, முனை திரும்புகிறது என்று. இல்லாவிட்டால் ஆவி வழிதவறிவிடும். நான் செய்தி கேட்டு ஓடியிருந்தேன். அவரோடு நானும் ஏறினேன். கதவைச் சாத்தப்போன ஓட்டுநரின் சட்டையைத் துங்-யுவான் எட்டிப் பிடித்தார்.

"மெதுவா ஓட்டுங்க தம்பி. அவளுக்குக் கார் ஒத்துக்காது."

அந்தப் பையன் என்னைப் பார்த்தான். பிறகு, "சரிங்க மாமா," என்றான். அப்படியே மெதுவாக ஓட்டவும் செய்தான்.

"பாலம் வருது யூ-லுவான். பாலம் தாண்டுறோம்," என்று சொல்லிக்கொண்டே வந்தார் துங்-யுவான். "பெட்ரோல் பங்க். உனக்குப் பிடிக்காத பங்க். திரும்பப்போறோம், பிடிச்சுக்கோ." தன் வாழ்நாளில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. முன்கூடத்தில் கிடத்திக் குழாயை எடுத்ததும் அவள் போய்விட்டாள். யி-ஜென் அதிவேக ரயிலில் வந்துகொண்டிருந்தாள். அம்மாவின் முகம் மூடிய பிறகுதான் வந்து சேர்ந்தாள்.

அவள் அப்பாவைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஏழு நாளுக்கு ஒருமுறை நடக்கும் சடங்குகளில் அவர் பக்கத்திலேயே மண்டியிட்டிருந்தாள். தேவையானதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்பத்தொன்பது நாள் முடிந்ததும் தைச்சுங்குக்குப் போய்விட்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் விட்டுவந்த வண்டியை அ-சுங் அடுத்தநாளே போய் எடுத்துவந்திருந்தார். துங்-யுவான் அதில் ஆலைக்குப் போய்வந்தார். நடந்தே போகிற தூரம்தான். ஒருநாள் வேலை முடிந்து வந்தவர், எங்கள் கடைக்குள் வந்து யூ-லுவான் வழக்கமாக உட்காரும் முக்காலியில் உட்கார்ந்தார்.

"பாவ்-க்வெய், அவ உன்கிட்ட எல்லாம் சொல்லுவாளே."

"சொல்லுவாங்க."

"பின்னாடி உக்காந்து பேசிக்கிட்டே வருவா. முதுகுல அதிருற மாதிரி இருக்கும். அதுல ஏதோ பேசுறான்னு தெரியும். என்ன பேசினா?"

எனக்குத் தெரிந்ததை அவர் காதருகே போய் உரக்கச் சொன்னேன். சாலைக்குழிகளைத் திட்டியதை, அவர் அம்மா அவளைப் பேசியதைச் சொன்னதை, சுருதி இல்லாமல் பாடியதை. டிக்கெட் கிழித்த பையனைப் பற்றியும் சொன்னேன். அதைக் கேட்டதும் அவர் வாய் சிரிப்பது போலக் கோணியது. "அவனை எனக்குத் தெரியும். வழுக்கை விழுந்துடுச்சு," என்றார்.

"நல்லா இருக்கிற நாள்ல, இன்னும் கொஞ்ச தூரம் போகலாம்னு சொல்லுவாங்களாம்."

"அதுக்கு மட்டும் முதுகுல தட்டுவா. அது தெரியும்."

எழுந்தார். வாசல்வரை போய் நின்றார். "அன்னைக்கு விழுந்ததைப் பத்தி ஏதாவது சொன்னாளா?"

"சிரிச்சுக்கிட்டே சொல்லுவாங்க," என்றேன்.

"ம்," என்றார்.

ஏப்ரலில் கல்லறை கழுவிப் படையல் வைக்கும் நாள் வருவதற்குள் வண்டியை விற்கச் சொல்லி அ-சுங்கிடம் வந்தார். வண்டிக்கு ஒரு வயதுகூட முழுதாக ஆகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "நிறுத்தினா என்னால உடனே இறங்கமுடியல. அவ முதல்ல இறங்கட்டும்னு உக்காந்திருக்கேன். பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சாத்தான் தெரியுது," என்றார். ஹாரனே கேட்காத ஆள் அப்படிச் சொன்னதை அ-சுங் திருத்தவில்லை. ஹெங்சுன் பக்கம் மருந்துக்கடையில் வேலை செய்யும் மிங்-ஹான் என்ற பெண் வந்து பார்த்தாள். நல்ல உயரம். இரண்டு பாதமும் தரையில் அப்படியே படிந்தன. துங்-யுவான் அதைத்தான் முதலில் குனிந்து பார்த்தார். பிறகு விலையைப் பற்றிப் பேசுவதை எங்களிடம் விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

யி-ஜென் கல்லறை நாளுக்கு வந்தபோது முதலில் எங்கள் பின்கட்டுக்குத்தான் போனாள். காலி இடத்தைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்கு ஓடினாள்.

"வண்டி எங்க?"

"வித்துட்டேன்."

"என்னை ஒரு வார்த்தை கேக்காம எப்படி விப்பீங்க?"

"நீதானே கண்ணுல படக்கூடாதுன்ன."

"ஆமா, சொன்னேன்! சொன்னா வித்துடுறதா? அம்மா கடைசியா உக்காந்த இடம்ப்பா அது!" வாசலில் நின்று கத்தினாள். "ஒரு தடவை நானும் அதுல உக்காந்து பாக்கணும்னு நினைச்சுக்கிட்டுத்தான் வந்தேன். ரயில் முழுக்க அதையே நினைச்சுக்கிட்டு வந்தேன்!"

துங்-யுவானுக்கு எவ்வளவு கேட்டதோ தெரியாது. கை இரண்டையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். "திரும்ப வாங்கட்டுமா?" என்றார் கடைசியில், மெல்ல.

"வேணாம்," என்றாள் யி-ஜென். படியில் உட்கார்ந்து அழுதாள். அம்மா இறந்த பிறகு அவள் வாய்விட்டு அழுது நான் கண்டது அன்றைக்குத்தான். ஹுவாங் காரை நிறுத்த வந்தவர், விளக்கை அணைத்துவிட்டுக் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் தூறலில் அப்பாவும் மகளும் சின்ன ஸ்கூட்டரில் யூ-லுவானின் அஸ்தி வைத்திருக்கும் மேட்டுக் கல்லறைக் கூடத்துக்குப் புறப்பட்டார்கள். பூ, பழம், காகிதப்பணம் எல்லாம் மகள் மடியில். ஒரே மழைக்கோட்டைத்தான் இருவருக்கும் போட்டிருந்தார்கள். வண்டி திணறிக்கொண்டு முனை திரும்பியது.

இப்போது யி-ஜென் மாதம் ஒருமுறை வருகிறாள். அதற்குமேல் எதுவும் மாறிவிடவில்லை. இருவரும் சாப்பிடும்போது தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும்.

மிங்-ஹான் எண்ணெய் மாற்ற எங்களிடமே வருகிறாள். அவள் வந்திருக்கிற நாளில் துங்-யுவான் தெருவைத் தாண்டி வருவார். எத்தனை கிலோமீட்டர் ஆகியிருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார். எதுவரை போனாய் என்று கேட்பார். தீவின் மறுகரையில் தைத்துங், ஹுவாலியன் என்று அவள் உரக்கச் சொல்வாள். சாய்மானத்தைக் கழற்றிவிட்டு அங்கே கூடாரம், பாத்திரம் வைக்கப் பெட்டி ஒன்று மாட்டியிருக்கிறாள். போன தடவை அந்தப் பெட்டியை அவர் கையால் அசைத்துப் பார்த்தார்.

"நல்லா இறுக்கமா இருக்கு. விழாது," என்றார்.

துறைமுகத்தில் ஒரு படகு பனிக்கட்டிக்குக் காத்திருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு ஆலைக்கு நடந்தார்.